பிக்கப் முன்னாடி குனிஞ்சு நிக்குது, லெவல் பண்ண டார்ஷன் பாரை முறுக்கலாமா?

டீசல்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது பழைய டபுள் கேபின் பிக்கப், 4 வீல் டிரைவ், முன்னாடி டார்ஷன் பார் (ஸ்பிரிங் மாதிரி முறுகி எடையைத் தாங்கற ஸ்டீல் கம்பி), பின்னாடி கமான் பட்டை. கைமாறி வந்த வண்டி. என்ஜின் கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல, ஆனா சைடுல நின்னு பாத்தா மூக்கை தரையில வச்சு மோப்பம் புடிக்கற மாதிரி நிக்குது. பின்னாடி அவ்ளோ தூக்கல், பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. பெரும்பாலும் காலியாத்தான் ஓடும், எப்பவாச்சும் கம்பி, சிமெண்ட் மூட்டைன்னு ஏத்துவேன். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கேட்டா "இது ஒரு வேலையா, கீழ ரெண்டு போல்ட் இருக்கு, முறுக்குனா முன்னாடி தானா ஏறிடும்"ங்கறார். இன்னொருத்தர் அதை மட்டும் தொடாத, வண்டி கட்டை மாதிரி ஆயிடும்ங்கறார். யார் சொல்றத கேக்கறது? அப்படியே முறுக்கறதா இருந்தா எவ்வளவு வரைக்கும் போலாம், இல்ல பின்பக்கத்தை இறக்கறதுதான் நல்லதா? செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, போட்டோ அப்புறம் போடறேன்.

புழுதிமன்னன்:

ப்ரோ யோசிக்காம முறுக்குங்க. என் வண்டியில வாங்குன உடனே பண்ணது இதுதான், சும்மா கெத்தா நிக்குது, பெரிய டயர் போட்டாலும் முன்னாடி ஃபெண்டர்ல உரசாது. செலவே கிடையாது, ஒரு ஸ்பானர் இருந்தா போதும். கட்டை மாதிரி ஆயிடும்ங்கறதெல்லாம் சும்மா பேச்சு, பிக்கப் வாங்கிட்டு சொகுசு எதிர்பாக்கலாமா.

ஸ்பானர்செட்:

தம்பி டீசல்பையா, முறுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இரு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ, பிக்கப்னாலே காலியா நிக்கும்போது பின்னாடி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், கம்பெனியே அப்படித்தான் அனுப்புவான். லோடு ஏத்துனா பட்டை அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரணும்னுதான் அந்த கணக்கு. காலியா இருக்கும்போதே மட்டமா நிக்க வச்சுட்டேன்னு வை, லோடு ஏத்துன அன்னைக்கு பின்னாடி அமுங்கி முன்னாடி வானத்தைப் பாக்கும், ஸ்டியரிங் லேசாயிடும், வேகத்துல போகும்போது வண்டி ரோட்டை புடிக்கவே புடிக்காது. அதனால கொஞ்சம் தூக்கல் இருந்தா அதை குறைன்னு நினைக்காத. கொஞ்சத்துக்கு மேல இருந்தாத்தான் ஏன்னு பாக்கணும்.

ரெண்டாவது, முறுக்குனா ஹார்டாகுமா ஆகாதான்னு எல்லா இடத்துலயும் சண்டை நடக்கும். டார்ஷன் பார்ங்கறது ஒரு நீளமான ஸ்டீல் கம்பி, முன்முனை சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஆர்ம்ல மாட்டியிருக்கும், பின்முனை சேசிஸ் குறுக்குச் சட்டத்துல (கிராஸ் மெம்பர்) ஒரு சின்ன இரும்புக் கைல உக்காந்திருக்கும், அந்த கையைத்தான் போல்ட் தூக்கிப் புடிச்சிருக்கு. போல்ட்டை முறுக்குனா கம்பியோட ஹார்ட்னஸ் மாறாது, அது கம்பியோட தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. வண்டியோட எடையும் அதேதான். அப்ப எதனால தூக்கிப் போடுதுன்னு கேட்டா, சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருந்த இடத்தை நீ தின்னுட்ட. உதாரணத்துக்கு சக்கரம் மேல 90 மிமீ கீழ 90 மிமீ போற மாதிரி இருக்குன்னு வை, நீ 50 மிமீ தூக்குனா கீழ இறங்க 40தான் மிச்சம். குழியில சக்கரம் இறங்கும், ஆர்ம் போய் ரப்பர் ஸ்டாப்புல டக்குன்னு இடிக்கும். அந்த சத்தத்தையும் உதறலையும்தான் ஜனங்க "கட்டை ஆயிடுச்சு"ன்னு சொல்றாங்க. இப்ப வண்டி தரையில நிக்கும்போதே கீழ போய் எட்டிப் பாரு, அந்த ரப்பருக்கும் ஆர்முக்கும் நடுவுல ஒரு விரல்கூட நுழையலன்னா ஏற்கனவே எவனோ அதிகமா முறுக்கி வச்சிருக்கான்னு அர்த்தம்.

4 வீல் டிரைவ்ங்கறதால இன்னொண்ணு. முன் ஆக்சில் ஷாஃப்ட் சாயற கோணம் ஜாஸ்தியாகும், சிவி ஜாயிண்ட்டை (ஷாஃப்ட் சாஞ்சாலும் சுத்த விடற இணைப்பு) மூடியிருக்கற ரப்பர் பூட்டோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி கிழியும், கிரீஸ் வெளிய தெறிக்கும். ரிம்மோட உள்பக்கம் கருப்பா கிரீஸ் கோடு தெரிஞ்சா அந்த ரப்பர் கிழிஞ்சு போச்சு.

அளவு எடுத்துப் போடு, அப்புறம் பேசலாம். தரையிலருந்து எடுக்காத, டயர் காத்து தேய்மானம் எல்லாம் அதுல கலந்துடும். வீல் ஹப் நடு மையத்துலருந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் எடு, நாலு பக்கமும். மட்டமான தரை, காலி வண்டி, ஆள் யாரும் உள்ள உக்காரக் கூடாது.

அச்சாணி:

ஸ்பானர்செட் அண்ணன் சொன்னதோட ஹெட்லைட்டையும் சேத்துக்கோங்க, இதை யாருமே கண்டுக்கறதில்ல. லோ பீம் பொதுவா 1 சதவீதம், சில வண்டிக்கு அதுக்கு கொஞ்சம் மேல, கீழ சாய்ச்சுத்தான் செட் பண்ணியிருப்பாங்க, அதாவது 10 மீட்டர் தூரத்துல வெளிச்சத்தோட மேல் கோடு லைட் உயரத்தைவிட 10 செமீ கீழ இருக்கும். பிக்கப்ல முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல சுமாரா 3 மீட்டர். முன்னாடி மட்டும் 50 மிமீ தூக்குனா அதே 10 மீட்டர்ல கோடு கிட்டத்தட்ட 17 செமீ மேல வந்துடும். கழிச்சுப் பாருங்க, கீழ பாத்துட்டு இருந்த லோ பீம் இப்ப மேல பாக்குது. எதிர்ல வர்றவன் ஹை பீம் போட்டிருக்கான்னு நினைச்சு உங்களை திட்டிக்கிட்டே போவான், பதிலுக்கு அவனும் ஹை பீம் அடிப்பான். லெவல் பண்ண வண்டிங்க பாதி இப்படித்தான் ராத்திரியில எல்லார் கண்ணையும் புடுங்கிட்டு சுத்துது.

புழுதிமன்னன்:

ஹெட்லைட் திருகறது ரெண்டு நிமிஷ வேலைங்க, அதுக்காக வண்டிய குனிஞ்சே வச்சிருக்கணுமா 😄

அச்சாணி:

ரெண்டு நிமிஷ வேலைதான். அதைத்தான் யாரும் செய்யறதில்லன்னு சொல்றேன்.

டீசல்பையன்:

அளவு எடுத்தாச்சு. மண்டபம் மாதிரி சமமான தரை கிடைக்கல, பார்க்கிங்ல எடுத்தேன், அப்புறம் தரை சாய்வா இருக்குமோன்னு சந்தேகம் வந்து வண்டிய திருப்பி நிறுத்தி மறுபடி எடுத்தேன், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வந்துச்சு.

முன் இடது 470 மிமீ, முன் வலது 482. பின் இடது 553, பின் வலது 555.

ரசமட்டத்தை டோர் கீழ சட்டத்துல வச்சுப் பாத்தேன், குமிழி நல்லாவே பின்பக்கம் ஓடிப் போய் நிக்குது. ஆர்ம் ரப்பர்ல ரெண்டு பக்கமும் விரல் தாராளமா நுழையுது. முன்னாடி இடதுக்கும் வலதுக்கும் 12 மிமீ வித்தியாசம் எதுக்குன்னு புரியல, அது பெரிய பிரச்சனையா?

ஸ்பானர்செட்:

ரப்பர்ல இடம் இருக்குன்னா முன்னாடி யாரும் கண்டபடி முறுக்கல, நல்ல சேதி. பழைய டார்ஷன் பார் காலப்போக்குல கொஞ்சம் தொய்யும், இடது 12 மிமீ கம்மியா இருக்கறது அதனால இருக்கலாம், அதை சரி பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு கவனி, வண்டியில நாலு மூலையும் ஒண்ணோட ஒண்ணு சேந்தது. முன் இடதை தூக்குனா எடை குறுக்க போய் பின் வலதுலயும் ஏறும். அதனால ஒரு மூலையை மட்டும் பாத்து முறுக்கிட்டே இருக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் நாலையும் அளக்கணும்.

எனக்கு முன்னாடியைவிட உன் பின்பக்கம்தான் இடிக்குது. 70 80 மிமீ வித்தியாசம்ங்கறது, ஃபெண்டர் வளைவு முன்னாடி பின்னாடி ஒரே மாதிரி வெட்டியிருக்காதுன்னு கழிச்சுட்டாலும் எனக்கு ஜாஸ்தியாத் தெரியுது. ரசமட்டமும் அதையேதான் சொல்லுது. கீழ படுத்து பட்டையை எண்ணு. மேனுவல்ல எத்தனை பட்டைன்னு போட்டிருக்கும், அதோட ஒத்துப் பாரு. கைமாறி வந்த வண்டிங்கற, முன்னாடி வச்சிருந்தவன் லோடு அடிச்சிருந்தா கண்டிப்பா எதாவது பண்ணியிருப்பான். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை இருக்கான்னும் பாரு, ஒண்ணு இருந்தா கம்பெனியே போட்டதா இருக்கலாம், கட்டை மேல கட்டை அடுக்கியிருந்தா அதை முதல்ல கழட்டி எறி, பிரேக் புடிக்கும்போது ஆக்சில் சுழல பாக்கும், அடுக்குன கட்டை நழுவிடும்.

டீசல்பையன்:

அண்ணே நீங்க எங்கயோ போயிட்டீங்க. படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். மேனுவல்ல போட்டிருக்கறதைவிட ரெண்டு பக்கமும் ஒரு பட்டை ஜாஸ்தி இருக்கு. அந்த ஒண்ணு மட்டும் மத்ததைவிட தடி, முனை சும்மா நேரா வெட்டுன மாதிரி இருக்கு, மத்த பட்டைங்க முனை சரிவா தேச்ச மாதிரி இருக்கு. துருவும் வேற கலர். யூ போல்ட்ல (பட்டையை ஆக்சிலோட சேத்துக் கட்டற போல்ட்) நட்டுக்கு வெளிய மரை ஒண்ணுமே மிச்சமில்ல, நட்டு முனையிலயே நிக்குது. கட்டை ஒண்ணுதான் இருக்கு, வார்ப்பிரும்பு மாதிரி, அது கம்பெனியுதுன்னு நினைக்கறேன்.

அப்ப முன்னாடி குனியவே இல்ல, பின்னாடிதான் தூக்கி வச்சிருக்கு?

ஸ்பானர்செட்:

அதேதான். இப்ப நீ முன்னாடியை முறுக்கியிருந்தா நாலு பக்கமும் தேவையில்லாத உயரத்துல நின்னிருக்கும், குழியில டக்கு டக்குன்னு இடிச்சிருக்கும், காலியா போகும்போது பின்னாடி குதிக்கறதும் அப்படியே இருந்திருக்கும். இப்பவே காலி வண்டி ஸ்பீட் பிரேக்கர்ல பின்னாடி எகிறுது இல்லையா?

நட்டு மரை முனையில நிக்கறதை சும்மா விடாத. நட்டுக்கு வெளிய ரெண்டு மூணு மரையாவது தெரியணும். தடி பட்டையை உள்ள திணிச்சுட்டு பழைய யூ போல்ட்டையே இழுத்து மாட்டியிருக்கான்.

அச்சாணி:

இங்கதான் நான் ஒண்ணு கேக்கணும். டீசல்பையன், பின் ஆக்சில்லருந்து சேசிஸ்ல இருக்கற ஒரு பிரேக் வால்வுக்கு மெல்லிசா ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போகுதா? போனா அது லோடு சென்சிங் வால்வு. பாடி ஆக்சிலைவிட எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அந்த கம்பி வழியா பாத்துதான் பின் பிரேக்குக்கு எவ்வளவு பிரஷர் விடணும்னு அது முடிவு பண்ணும். பாடி உயரத்துல நின்னா வண்டி காலின்னு நினைச்சு பின் பிரேக்கை குறைக்கும், அமுங்குனா லோடு இருக்குன்னு நினைச்சு கூட்டும். பட்டை ஏத்துன வண்டியில முழு லோடு இருந்தாலும் பாடி அவ்வளவா அமுங்காது, வால்வு ஏமாந்துடும், முன் பிரேக்கே எல்லாத்தையும் இழுக்கும், வண்டி நிக்க தூரம் ஜாஸ்தியாகும். அதைவிட மோசம் என்னன்னா, பட்டை ஏத்துனவன் விவரமா கம்பியையும் அதுக்கு தகுந்த மாதிரி மாத்தி வச்சிருந்தான்னு வைங்க, இப்ப பட்டையை எடுத்த உடனே பாடி இறங்கும், காலி வண்டியை லோடு வண்டின்னு நினைச்சு பின் பிரேக்குக்கு அள்ளி விடும். மழை ரோட்ல பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும். புது வண்டிகள்ல பெரும்பாலும் இந்த வேலையை ஏபிஎஸ்ஸோட சேந்து எலக்ட்ரானிக்கா பண்ணிடறாங்க, பழசுல கம்பிதான்.

டீசல்பையன்:

இருக்கு இருக்கு, டிஃபரன்ஷியல் பக்கத்துலருந்து ஒரு கம்பி மேல போகுது, அதுல மரை வச்ச மாதிரி ஒரு இடமும் இருக்கு. இதெல்லாம் இருக்குன்னே தெரியாது எனக்கு. லோடோட போகும்போது பிரேக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கேன்னு நினைப்பேன், லைனிங் தேஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.

பட்டையை எடுத்துட்டா சிமெண்ட் ஏத்தும்போது தாங்குமா?

ஸ்பானர்செட்:

கம்பெனி சொன்ன லோடுக்கு கம்பெனி போட்ட பட்டை தாங்கும், அதுக்கு மேல ஏத்துனா தாங்காது, கூட பட்டை வச்சாலும் ஆக்சிலும் பேரிங்கும் பிரேக்கும் தாங்காது. எப்பவாச்சும் முழு லோடு போட்டு பின்னாடி தொங்குனா ஹெல்ப்பர் ஏர் பேக் (பட்டைக்கு துணையா தாங்கற காத்துப் பை) போட்டுக்கலாம், லோடு ஏத்தும்போது காத்து ஏத்தி காலியாகும்போது குறைச்சுக்கறது. காத்தை சுத்தமா பூஜ்யத்துக்கு விட்றாத, பை மடிஞ்சு கிழியும், அதுக்கு ஒரு மினிமம் சொல்லியிருப்பான். ஏர் பேக் வச்சுட்டதால கூட லோடு ஏத்தலாம்னு மட்டும் கிளம்பிடாத.

வேலை எப்படி போகணும்னு சொல்றேன். சேசிஸ்ல ஸ்டாண்ட் குடுத்து நிறுத்து, ஜாக்கியை நம்பி கீழ படுக்காத, ஆக்சிலுக்கு தனியா ஜாக்கி முட்டுக் குடு. பட்டைங்களை நடுவுல கோத்துப் புடிக்கற சென்டர் போல்ட்டை கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு சி கிளாம்ப் போட்டு பட்டைங்களை மொத்தமா இறுக்கிப் புடி, இல்லன்னா பட்டைங்க விரிஞ்சு கையில அடிக்கும், அது சாதாரண அடி கிடையாது. அந்த கூட இருக்கற பட்டையை எடுத்துட்டு புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். பழைய யூ போல்ட்டை திரும்ப போடாத, ஒரு தடவை இழுத்து டைட் ஆன போல்ட், மறுபடி டைட் பண்ணா புடிப்பு நிக்காது. சென்டர் போல்ட் தலை கட்டையோட குழியில சரியா உக்காந்திருக்கான்னு கையால தடவிப் பாத்துட்டு யூ போல்ட் நட்டை குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. பட்டை முனையை சேசிஸோட மாட்டற ஷேக்கிள் போல்ட்டை தொட்டிருந்தா அதை மட்டும் வண்டி தரையில நின்னப்புறம் இறுக்கு, தொங்கும்போது இறுக்குனா ரப்பர் புஷ் முறுக்கிட்டே உக்காந்து சீக்கிரம் கிழியும்.

இறக்குன உடனே அளக்காத. டயர் தரையில இழுபட்டு நிக்கும், உயரம் ஜாஸ்தி காட்டும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து பம்பரை ரெண்டு தடவை அமுக்கி விட்டுட்டு அள.

மலைப்பாதை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்னோடதுல டார்ஷன் பார் இல்ல, காயில் ஸ்பிரிங்குக்குள்ள ஷாக் இருக்கற மாடல். ஸ்பேசர் வாங்கி வச்சிருக்கேன், ஷாக் தலைக்கு மேல வைக்கறது. 1 இன்ச்தான் தடிமன், ஆனா 2 இன்ச் ஏறும்னு போட்டிருக்கான். ஏமாத்தா?

அச்சாணி:

ஏமாத்து இல்ல. ஷாக்கோட கீழ்முனை லோயர் ஆர்ம்ல நடுவுல எங்கயோதான் மாட்டியிருக்கு, சக்கரம் ஆர்ம் நுனியில இருக்கு. ஷாக் 1 இன்ச் தள்ளுனா நுனி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நகரும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பிரச்சனை வேற இடத்துல. தலைக்கு மேல வைக்கற ஸ்பேசர் ஷாக்கையே மொத்தமா கீழ தள்ளுது, அதனால சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைச்சதைவிட கீழ போகும், பால் ஜாயிண்ட்டும் சிவி ஜாயிண்ட்டும் அந்த கோணத்துக்கு செஞ்சது இல்ல. மேல அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் ரப்பரை தொடறதுக்கு முன்னாடியே ஷாக் உள்ள முட்டவும் வாய்ப்பிருக்கு. ஸ்பிரிங்குக்கும் தலைக்கும் நடுவுல வைக்கற ஸ்பேசர்னா டார்ஷன் பார் கதைதான், கீழ இறங்கற இடம் போயிடும். இந்த ரெண்டாவது வகைக்கு ஸ்பிரிங்கை அமுக்கிக் கழட்டணும், அந்த வேலைக்கு நல்ல கம்பிரஸர் இல்லாம வீட்ல இறங்காதீங்க, அமுங்கின ஸ்பிரிங் விடுபட்டா எதுவும் மிச்சமிருக்காது. உங்க பின்பக்கத்தையும் முதல்ல அளந்துடுங்க.

புழுதிமன்னன்:

என் வண்டியிலயும் போய் பட்டை எண்ணப் போறேன் இப்ப. மனசு கேக்கல.

டீசல்பையன்:

அப்டேட். பட்டை எடுத்தாச்சு, நான் தனியா பண்ணல, கூட ஒரு ஆளை வச்சுத்தான் பண்ணோம், சென்டர் போல்ட் துருப்புடிச்சு அறுத்துதான் எடுக்க வேண்டியதாப் போச்சு. புது யூ போல்ட் போட்டாச்சு. இப்ப பின் இடது 516, பின் வலது 519. சைடுல பாத்தா மூக்கு குனிஞ்சது தெரியவே இல்ல, லேசா பின்னாடி தூக்கல், அவ்ளோதான். காலியா போகும்போது எகிறல் பாதிக்கு மேல போயிடுச்சு. முன்னாடி நான் இன்னும் கையே வைக்கல, இடது அதே 470ல நிக்குது. அதை மட்டும் வலதுக்கு சமமா தூக்கிட்டு நிறுத்திக்கலாமா?

வால்வு கம்பி மரையில பழைய பெயிண்ட் அப்படியே ஒட்டியிருக்கு, யாரும் திருகுன மாதிரி தெரியல.

ஸ்பானர்செட்:

பெயிண்ட் உடையலன்னா கம்பெனி செட்டிங்லயே இருக்குன்னு எடுத்துக்கலாம், ஆனாலும் மேனுவல்ல அந்த கம்பி நீள அளவு இருக்கும், ஒரு தடவை ஸ்கேல் வச்சுப் பாத்துடு. அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத ஈர ரோட்ல மெதுவான வேகத்துல பிரேக் அடிச்சுப் பாரு, பின்சக்கரம் முதல்ல லாக் ஆகக் கூடாது.

முன் இடதை தாராளமா தூக்கு, 12 மிமீ ஒண்ணுமே இல்ல. போல்ட் மரைக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வை. போல்ட் இப்ப எந்த நிலையில இருக்குன்னு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கோ, வெளிய நிக்கற மரை நீளத்தையும் அளந்து எழுதிக்கோ, எதாவது ஆச்சுன்னா திரும்ப வர வழி வேணும். வண்டி எடை மேல இருக்கும்போது முறுக்காத, மரை உரிஞ்சுடும், சேசிஸை தூக்கி சக்கரத்தை தொங்க விட்டுட்டு திருப்பு. ஒரு சுத்துக்கு எவ்வளவு ஏறும்னு வண்டிக்கு வண்டி மாறும், அதனால அரை சுத்து, இறக்கு, ஓட்டு, நாலு மூலையும் அள, பத்தலன்னா மறுபடி. லாக் நட்டு இருந்தா கடைசியில மறக்காம இறுக்கு. வலதை தொடாத. 15, 20 மிமீ பின்னாடி தூக்கல் மிச்சமிருந்தாலும் விட்டுடு, சிமெண்ட் ஏத்துற அன்னைக்கு அது வேணும்.

அலைன்மெண்ட்டுக்கு இப்பவே ஓடாத. உயரம் மாறுனா சக்கரம் நிக்கற கோணங்களான கேம்பர், கேஸ்டர், டோ மூணுமே மாறும், டோ கொஞ்சம் தப்புனாலே டயர் ஓரம் இறகு மாதிரி தேய ஆரம்பிச்சுடும், அதனால செஞ்சே ஆகணும், ஆனா கடைசியா செய். புதுசா மாட்டுன பட்டைக் கட்டு கொஞ்சம் அமுங்கி உக்காரும். சில நூறு கிலோமீட்டர் ஓடட்டும், ரெண்டு பக்கமும் யூ போல்ட் நட்டு எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச் வச்சு திரும்ப பாரு, பெரும்பாலும் கொஞ்சமாவது திரும்பும். அப்புறம் ஒரு தடவை அளந்து உயரம் நின்னுடுச்சான்னு பாத்துட்டு அலைன்மெண்ட் கொண்டு போ, வர்ற வழியிலயே ஹெட்லைட். அச்சாணி தம்பி விடமாட்டான்.

அச்சாணி:

விடமாட்டேன். பின்னாடி இறங்கியிருக்கு, முன்னாடி ஏறப் போகுது, ரெண்டுமே லைட்டை மேல தூக்கற பக்கம்தான். அலைன்மெண்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ராத்திரி ஓட்டறதா இருந்தா இன்னைக்கே ஒரு செவுத்துக்கு முன்னாடி 10 மீட்டர்ல நிறுத்தி இறக்கிடுங்க.